பிள்ளைக்கு எத்தனை மாசம்?

"மட்டிப் பழமா? நம்ம ஏலக்கி மாதிரிதானே இருக்கு." இதை நான் சொன்னது இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆபீஸ் கேன்டீனில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். எதிரே உட்கார்ந்திருந்த அக்காவுக்குச் சொந்த ஊர், மட்டி வாழை விளைகிற கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம். சென்னைக்கு வந்து 25 வருடம் ஆகிவிட்டது, இன்னும் வாழைத்தார் என்று வாயில் வராது, வாழைக்குலைதான். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். நான் சேலத்துக்காரன். மல்கோவாவைத் தின்று வளர்ந்தவனிடம் பங்கனப்பள்ளியை மாம்பழம் என்று யாராவது சொன்னால் அரை மணி நேரம் விடமாட்டேன். ஊர்ப் பழத்தைக் குறைத்துப் பேசினால் யாருக்கும் ரோஷம் வரத்தானே செய்யும்? அக்கா என்னை ஒரு நொடி பார்த்தார். "சரி தம்பி" என்றார். டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போய்விட்டார்.

அந்தச் 'சரி' என்னை விடவே இல்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். இவனிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று ஒருவர் முடிவு செய்துவிட்ட பிறகு, நாம் சொன்னது சரியாகவே இருந்தாலும் அரித்துக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, நான் சொன்னது சரிதானா என்பதும் எனக்குத் தெரியாது. அதுவரை நான் தின்ற மட்டி, நகரத்து சூப்பர் மார்க்கெட் ஒன்றில் பிளாஸ்டிக் தட்டில் ஒட்டிவைத்து, தயிர்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்துக் குளிர் அலமாரியில் கிடந்தது. வாழைப்பழத்துக்குக் குளிர் ஆகாது. 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும், பழுப்பது பாதியில் நின்றுபோகும், கடைசிக் கட்டத்தில் வரவேண்டிய மணம் வராமலேயே போய்விடும். நான் தீர்ப்புச் சொன்னது அப்படி ஒரு பழத்தை வைத்து.

ஜூன் மாதத்தில் மூன்று நாள் லீவு மிச்சமிருந்தது. "வாழைப்பழம் வாங்க நாகர்கோவிலுக்கா? தெருமுனை வண்டிக்காரன் என்ன பாவம் பண்ணினான்?" என்று மனைவி கேட்டாள். சுசீந்திரம் கோயில், பத்மநாபபுரம் அரண்மனை எல்லாம் பார்க்கிறேன் என்று சொல்லித்தான் கிளம்பினேன். இரண்டையும் பார்க்கவில்லை.

கணவாய்க்கு அந்தப் பக்கம்

விடிகாலையில் ரயில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போது காற்றாலைகளுக்குப் பின்னால் மலை மேகத்துக்குள் இருந்தது. இந்தக் கணவாயைத் தாண்டினால் பழங்களுக்குப் பெயர் மாறிவிடும். திருநெல்வேலி வரை பூவனாக இருந்தது இங்கே பாளையங்கோட்டான். செவ்வாழை செந்துளுவன் ஆகிவிடும். நேந்திரன் ஏத்தன். இன்னும் கொஞ்சம் மேற்கே போய்க் கேரளத்தில் பூவன் கேட்டால் நாம் ரஸ்தாளி என்கிற பழத்தை எடுத்துத் தருவார்கள். இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். வாழைக்குலைகள் இன்னும் முழுசாகச் சேரவில்லை.

போவதற்கு முன்னால் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் போனேன் (தோற்கப் போகிறவன் செய்கிற வேலை இது). நாம் அன்றாடம் தின்கிற வாழையில் பெரும்பாலானவை, அதாவது பச்சை வாழை, பூவன், ஏத்தன் எல்லாம், மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டவை. மட்டிக்கு இரண்டே தொகுதி. இரண்டுமே மூசா அக்குமினேட்டா என்கிற காட்டு வாழையின் வழியில் வந்தவை. ஏலக்கிக்கும் இரண்டுதான், ஆனால் அதில் ஒன்று அக்குமினேட்டா, மற்றது மூசா பால்பிசியானா. படித்தவுடன் எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம். ஏலக்கி மாதிரி என்று நான் சொன்னதில் பாதி சரி! இதை அக்காவிடம் சொல்லவேண்டும் என்று குறித்தும் வைத்துக்கொண்டேன்.

காலை உணவுக்கு வடசேரிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் உட்கார்ந்தேன். புட்டு, பயறு, பப்படம், கூடவே ஒரு பழம். அந்த ஊரில் புட்டில் பழத்தைப் பிசைந்து, அதன் மேலேயே பப்படத்தை நொறுக்கிப் போட்டுத் தின்கிறார்கள். முதல் வாய்க்குத் தயங்கினேன், மூன்றாவது வாய்க்கு இன்னொரு குழாய் புட்டு சொன்னேன். வைத்த பழம் பாளையங்கோட்டான். "மட்டி இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டேன். பரிமாறியவர் நின்று திரும்பிப் பார்த்தார். "மட்டியா? அது பிள்ளைகளுக்கு உள்ளதுல்லா" என்றார். புளித்த மோரைக் கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல்.

அங்கிருந்து ஆப்டா மார்க்கெட்டுக்குப் போனேன். விடிகாலை வியாபாரம் முடிந்து, சருகும் சேறுமாகத் தரை நனைந்து கிடந்தது. அங்கே இறக்குவது முழுக் குலையாக. ஏத்தன் குலைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்க, மட்டி ஓரமாக, கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கிற பிள்ளை மாதிரி நாலைந்து குலைகள் மட்டும் கிடந்தது. சின்னக் குலை. விரல் தடிமன் காய், ஒவ்வொன்றின் நுனியும் மூக்குபோல் நீண்டு லேசாக வளைந்திருந்தது. இந்த உருவத்தைப் பார்த்தால் கனமான பெயர் பெற்ற பழம் என்று சொல்லமுடியாது. 2023-ல் கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் குறியீடு ஒரு பயணச்சீட்டு மாதிரி. இன்ன பொருளுக்குக் கிடைத்தது என்று செய்தி வந்த உடனே அதைத் தின்று முடித்ததாக ஒரு கணக்கில் டிக் அடிக்கவேண்டும். சிறுமலைப் பழத்தையும் விருப்பாச்சிப் பழத்தையும் அப்படித்தான் தேடிப்போய்த் தின்றேன். இப்போது யோசித்தால் அந்த இரண்டின் ருசியும் நினைவில்லை, எடுத்த போட்டோதான் நினைவிருக்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வரிசையாகப் பழக்கடைகள். கயிற்றில் குலை குலையாகத் தொங்குகிறது. முதல் கடையில் மட்டி கேட்டதும், "பிள்ளைக்கா?" என்றார் கடைக்காரர். இல்லை, எனக்குத்தான் என்றேன். அப்படியா என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, முன்னால் தொங்கிய சீப்பிலிருந்து ஆறு பழம் வெட்டித் தந்தார். பளிச்சென்ற மஞ்சள், அழகான பழம். அங்கேயே நின்று தின்றேன். இனிப்பு இருந்தது, கொஞ்சம் மாவுத்தன்மையும் இருந்தது. மணம் வருவதுபோல் வந்து பாதியில் போய்விட்டது. இரண்டாவது கடையில் இன்னும் மோசம். "பேரப்பிள்ளைக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டார்கள். எனக்கு வயது 46. தலை கொஞ்சம் நரைத்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன், அதற்காகப் பேரப்பிள்ளையா? கோபத்தில் பழம் வாங்காமலேயே நகர்ந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது, நான் சொன்னதை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் எதுவும் இல்லை என்றுதான் தோன்றியது. ஏலக்கி மாதிரிதான் இருக்கிறது.

நாலு மூடு வாழை

லாட்ஜ் மேனேஜருக்குக் குலசேகரம் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர், வாழை போட்டிருக்கிறார் என்று அனுப்பிவைத்தார். தக்கலை தாண்டியதும் நிலம் மேடும் பள்ளமுமாக மாறுகிறது. வழி முழுக்க ரப்பர். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் சாரலில் ரப்பர்த் தோட்டத்துக்கு உள்ளே பகலிலேயே இருட்டு. புதிதாக ரப்பர் நட்ட இடங்களில் நிழல் கட்டும்வரைக்கும் சில வருடங்கள் நடுவில் அன்னாசியோ வாழையோ போட்டுக்கொள்கிறார்கள். ரப்பர் வளர்ந்ததும் வாழைக்கு அங்கே இடம் கிடையாது.

அந்தப் பெரியவருடைய தோட்டத்தில் இருந்தது எல்லாம் ஏத்தன். ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார். ஓணத்துக்குக் குலை வெட்டுகிற மாதிரி கணக்குப் பண்ணி நடுவார்களாம். அந்தச் சமயத்தில் கேரளத்தில் ஏத்தனுக்கு நல்ல விலை. மட்டி எங்கே என்றேன். "வாங்க" என்று வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். கிணற்றடியில், துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடுகிற வாக்கில், நாலு மூடு மட்டி. அவ்வளவுதான். அங்கே வாழையை மூடு கணக்கில்தான் சொல்கிறார்கள். "விக்கதுக்கு வைக்கதில்லையா?" என்று அவர் பாஷையிலேயே கேட்க முயன்றேன். சிரித்தார். என் பாஷைக்கா கேள்விக்கா என்று தெரியவில்லை. வைப்பவர்கள் இருக்கிறார்கள், விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் தோட்டமாகவே போடுகிறார்கள், தனக்குக் கட்டுப்படியாகவில்லை என்றார். குலை சிறிது, பழுத்தால் அன்றைக்கே விற்கவேண்டும், காற்றடித்தால் எல்லாம் ஒன்றுதான். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்த அன்று அவர் தோட்டத்தில் நின்ற வாழை ஒன்று பாக்கியில்லாமல் சாய்ந்ததாம். ரப்பர் மரம் முறிந்து விழுந்து அதிலேயே பாதி போச்சு. வீட்டுக்குப் பின்னால் நின்ற மட்டி மட்டும் சுவர் மறைவில் தப்பியிருக்கிறது.

புவிசார் குறியீட்டைப் பற்றிக் கேட்டேன். "பேப்பர்ல போட்டிருந்தான், பாத்தேன்" என்றார். அதற்குமேல் அவருக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. அப்படியானால் இந்த நாலு மூடு எதற்கு என்று கேட்டேன். நான் இவ்வளவு நேரமும் ஏதோ புரியாமல் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதுபோல் பார்த்தார். "வீட்டில பிள்ளை பெறும்லா?" என்றார்.

அது ஒரு பதிலாகவே எனக்கு அப்போது படவில்லை. வீட்டில் குழந்தை பிறக்கும், அதற்கு ஆறேழு மாதத்தில் முதல் பழம் கொடுக்கவேண்டும், அதற்கு மட்டி நிற்கவேண்டும், அதனால் நாலு மூடு. தாய்க்கட்டை ஒரு குலை போட்டு முடிந்தால் வெட்டிவிடுவார்கள், பக்கக்கன்று நிற்கும். அவருடைய அப்பா காலத்திலிருந்து அதே கிணற்றடியில்தான் நிற்கிறதாம். இப்போது மகள் துபாயில், மகன் பெங்களூரில். இரண்டு வீட்டிலும் கடைசிப் பிள்ளைக்கே ஒன்பது வயது. குலை பழுத்தால் தெருவில் யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதோ அங்கே ஒரு சீப்புப் போகும், மிச்சத்தை வவ்வால் தின்னும். எனக்கு ஒன்று தின்னக் கொடுத்திருப்பார், குலைகள் அப்போதுதான் பிஞ்சு.

பொய்

திரும்பும்போது தக்கலையில் பஸ் மாறவேண்டியிருந்தது. மணி ஐந்திருக்கும், தூறல். ரோட்டோரம் தார்ப்பாய் கட்டிய ஒரு சின்னப் பழக்கடை. அறுபது வயதிருக்கிற ஒரு அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மட்டி தொங்கியது. இன்னும் ஒரு தரம் வாங்கிப் பார்த்துவிடலாம் என்று கேட்டேன். எதிர்பார்த்த கேள்வி வந்தது.

"பிள்ளைக்கா?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. நாள் முழுக்க இல்லை இல்லை என்று சொல்லிச் சலித்துவிட்டதோ என்னவோ. "ஆமாம்மா" என்றேன்.

"எத்தனை மாசம்?"

"ஏழு."

அந்த அம்மா எழுந்தார். முன்னால் தொங்கிய மஞ்சள் குலையைத் தொடக்கூட இல்லை. குனிந்து, ஸ்டூலுக்குப் பின்னால் சாக்கு மூடிக் கிடந்த கூடையை இழுத்தார். அதிலிருந்து ஒரு சீப்பை எடுத்து, காம்பைப் பார்த்து, வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார். "இது புகை போடாதது, தானா பழுத்தது. நாளைக்குக் காலையில குடுக்கலாம், இன்னைக்கு வேண்டாம்" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது. முதல் நாள் கால்வாசிப் பழம் போதும், வயிறு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கூட்டலாம். நடுவில் கோடுபோல் ஓடுகிற கறுப்பைச் சுரண்டிக் களைந்துவிடவேண்டும். கையைக் கழுவிவிட்டு விரலாலேயே மசிக்கவேண்டும், மிக்ஸியில் போடக்கூடாது. "மிக்சியில போட்டா பிள்ளைக்குக் கை மணம் தெரியாமப் போயிரும்" என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே நின்றேன்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

தராசில் முக்கால் கிலோ நின்றது. காசைச் சொல்லி வாங்கிக்கொண்டார். பையைக் கட்டப்போனவர், கூடைக்குள் திரும்பக் கையை விட்டு, தனியாக இரண்டு பழம் எடுத்தார். கொஞ்சம் பச்சை ஓடியது. "இது நாளை மறுநாளைக்கு. இது நான் பிள்ளைக்குக் குடுக்கது" என்று பையில் மேலாக வைத்தார். நான் காசு நீட்டினேன். வாங்கவில்லை.

பஸ்ஸில் மடியில் அந்தப் பையோடு உட்கார்ந்திருந்தேன். சின்னப் பொய்தான், யாருக்கும் நஷ்டம் இல்லை, அந்த இரண்டு பழத்தைத் தவிர. ஆனாலும் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். என்னவென்று சொல்வது? பிள்ளை இல்லை அம்மா, ருசி பார்க்க வந்தேன் என்றா? காலையில் இரண்டு கடைக்காரர்களும் என்னை ஏமாற்றவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. எனக்கென்று கேட்டேன், எனக்கு உரியதைத் தந்தார்கள். பெரிய மனுஷன் நின்ற இடத்தில் தின்னக் கேட்கிற பழம், முன்னால் தொங்குகிற பழம்தான். கூடையில் இருந்ததைக் கேட்க எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. இல்லாத ஒரு பெண்குழந்தைக்குத்தான் இருந்தது.

அன்று ராத்திரி பையை லாட்ஜ் மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். விடிகாலையில் விழித்தபோது அறை முழுக்க மணம். வீட்டில் யாரோ பலகாரம் செய்வதுபோல, கொஞ்சம் பூ, கொஞ்சம் தேன். சீப்பைத் தூக்கினேன், மூன்று பழம் காம்பிலிருந்து கழன்று தானாக விழுந்தது. தோல் காகிதம் மாதிரி. உள்ளே நார் கிடையாது, பல்லுக்கு வேலையே இல்லை, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினால் போதும். புளிப்பு ஒரு துளிகூட இல்லை. இதில் இவர்கள் தேன் மட்டி என்று தனியாக ஒன்றைச் சொல்கிறார்கள், அது எப்படி இருக்குமோ. முதல் பழத்தில் நடுக்கறுப்பை நகத்தால் சுரண்டி எடுத்தேன். எதற்காக எடுத்தேன் என்று கேட்காதீர்கள். ஒன்பது பழம் தின்றேன். ஏலக்கியை நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய், ஐந்தாவது பழத்தில் நினைத்தேன். பக்கத்தில்கூட வராது.

பச்சை ஓடிய இரண்டையும் தொடவில்லை. பூவன் பழமாக இருந்திருந்தால் ரயிலில் பசிக்குத் தின்றிருப்பேன். பெர்த்தில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கி, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நேராக ஆபீஸ். அக்காவின் மேசையில் இரண்டையும் வைத்தேன். நன்றாகப் பழுத்திருந்தது. அவர் எடுத்து முகர்ந்தார், தெரியாத பிள்ளையின் தலையை முகர்வதுபோல். "எங்க வாங்குனீங்க தம்பி?" தக்கலை என்றேன். முழுக் கதையையும் சொன்னேன், பொய்யையும் சேர்த்து. குரோமோசோம் விஷயத்தைச் சொல்லவில்லை. ஏழு மாதம் என்று சொன்ன இடத்தில் சிரித்தார். மிக்ஸியும் கை மணமும் வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவருடைய மகளுக்கு ஆறாவது மாதத்தில் அவர் அம்மா ஊரிலிருந்து வாராவாரம் மட்டி அனுப்புவாராம், ராத்திரி பஸ்ஸில், டிரைவர் கையில் கொடுத்து. விடிகாலை ஐந்து மணிக்குப் போய் இவர் கோயம்பேட்டில் வாங்கிக்கொண்டு வருவாராம். ஒரு தரம் பஸ் தாமதமாகி, பழம் எல்லாம் அழுகி வந்து, நடுரோட்டில் நின்று அழுதேன் என்றார். அந்த மகள் இப்போது காலேஜ் இரண்டாம் வருடம்.

"நீங்க ஒண்ணு சாப்பிடுங்க அக்கா" என்றேன்.

"பிள்ளைக்குக் குடுத்ததுல்லா" என்று சொல்லிவிட்டு, இரண்டையும் டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

ராத்திரி பத்து மணிக்கு அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. "பிள்ளை தின்னாச்சு. ஏலக்கி மாதிரி இருக்காம்."